ரபுன்சல்: கதையில் மட்டும் மிஞ்சிய ஒரு கிழங்கு

உயரமான கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு பெண். ஜன்னல் வழியே அவள் தொங்க விடும் நீண்ட பின்னல். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் அரசகுமாரன். ரபுன்சல் கதை கிட்டத்தட்ட உலகமெங்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ரபுன்சல் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். அந்தச் சொல்லுக்கும் அழகுக்கும் சம்பந்தமில்லை, கூந்தலுக்கும் சம்பந்தமில்லை. அது ஒரு காய்கறியின் பெயர். நம் ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு முள்ளங்கி என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படிப்பட்ட பெயர்தான் அது.

ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் தோட்டங்களில் பயிரிடப்பட்டு, சாப்பாட்டு மேசைக்கு வந்துகொண்டிருந்த செடி அது. இன்று அதே ஐரோப்பாவில் கடைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலான ஊர்களில் கிடைக்காது. செடியை மறந்தவர்கள் கதையை மறக்கவில்லை. ஒரு உணவு எப்படி மறைகிறது, அதன் பெயர் மட்டும் எப்படித் தங்கிவிடுகிறது என்பதற்கு இந்தச் சிறிய செடியின் வரலாறு நல்ல உதாரணம்.

குட்டி டர்னிப்

இதன் தாவரவியல் பெயர் கம்பானுலா ரபுன்குலஸ். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற தாவர நூலில் இந்தப் பெயரைப் பதிவு செய்தார். 'கம்பானா' என்றால் லத்தீனில் மணி. 'கம்பானுலா' என்றால் சின்ன மணி. இந்தக் குடும்பத்துப் பூக்கள் பலவும் மணி வடிவில் இருப்பதால் வந்த பெயர் இது. அதனால் இவற்றை மணிப்பூக்கள் என்றே அழைக்கலாம்.

பெயரின் இரண்டாவது பாதி சுவாரஸ்யமானது. லத்தீனில் 'ராபா', 'ராபும்' என்றால் டர்னிப் கிழங்கு. 'ரபுன்குலஸ்' என்றால் குட்டி டர்னிப். ஆக, முதல் சொல் பூவைப் பார்த்து வைத்தது, இரண்டாவது சொல் வேரைப் பார்த்து வைத்தது. 'டர்னிப் வேர் கொண்ட சின்ன மணி' என்று முழுப் பெயரையும் மொழிபெயர்க்கலாம். இதே வேர்ச்சொல்லிலிருந்துதான் ஜெர்மன் மொழியில் ரபுன்சல், பிரெஞ்சில் ரெபோன்ஸ், இத்தாலியில் ரபெரோன்சோலோ, ஆங்கிலத்தில் ராம்பியன் ஆகிய பெயர்கள் பிறந்தன. இத்தனை மொழிகளில் சமையலறைப் பெயர் இருக்கிறது என்றால், அத்தனை நாட்டு மக்களும் அதைத் தின்றிருக்கிறார்கள் என்று பொருள்.

ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகள் இதன் தாயகம். புல்வெளிகள், வேலியோரங்கள், காட்டின் விளிம்புகள், திராட்சைத் தோட்டத்து வரப்புகள் ஆகிய இடங்களில் தானாக வளரும். இது ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் இலைகள் மட்டும் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரவும். அந்த இலைகள் தயாரிக்கும் உணவெல்லாம் கீழே வெள்ளை நிற வேரில் போய்ச் சேரும். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் அந்தச் சேமிப்பைச் செலவழித்து, இடுப்பளவு அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே ஒல்லியான தண்டு எழும்பும். கோடையில் அதில் வெளிர் ஊதாப் பூக்கள் மலரும். விதை முதிர்ந்ததும் செடி பட்டுப்போகும்.

சமைப்பவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூத்தண்டு எழுந்துவிட்டால் வேர் நார் பாய்ந்து கட்டையாகிவிடும். ஆகவே முதல் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு இடையில், அதாவது குளிர்காலத்தில் பிடுங்க வேண்டும். பூவின் அழகைப் பார்க்க ஆசைப்பட்டவருக்குக் கிழங்கு கிடைக்காது. கிழங்கைத் தின்றவர் பூவைப் பார்த்திருக்க மாட்டார்.

மேசையில் இருந்த காலம்

இந்த வேர் முள்ளங்கியைப் போல நீளமாக, ஆனால் விரல் தடிமனில் இருக்கும். பச்சையாகக் கடித்தால் மொறுமொறுவென்று லேசான இனிப்போடு இருக்கும், முள்ளங்கியின் காரம் இருக்காது. வேகவைத்தும் சாப்பிடலாம். இலைகளைக் கீரையாகவும் சாலட்டாகவும் பயன்படுத்தினார்கள். சாமந்திக் குடும்பத்துச் செடியான சிக்கரியின் வேரில் இருப்பது போலவே இதிலும் மாவுச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்னும் பொருள் சேமிக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் 1597-ல் வெளியிட்ட பெரிய மூலிகை நூலில் ராம்பியனுக்கு இடம் கொடுத்தார். வேரை வேகவைத்து எண்ணெய், வினிகர், மிளகு சேர்த்து உண்ணும் பழக்கத்தை அவர் சொல்கிறார். அந்த மிளகு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு என்பதை நினைவில் வைத்தால், ராம்பியன் வெறும் ஏழைகளின் பஞ்சகால உணவாக மட்டும் இருக்கவில்லை என்பது புரியும்.

அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1699-ல், நாட்குறிப்புகளால் புகழ்பெற்ற ஜான் ஈவ்லின் 'அசெடாரியா' என்ற நூலை வெளியிட்டார். முழுக்க முழுக்க சாலட்டுகளைப் பற்றிய நூல் அது. அதில் ராம்பியனின் இளம் வேர்களை வசந்தத்தில் முள்ளங்கி போலவே உண்ணலாம் என்றும், முள்ளங்கியை விட இது சத்துள்ளது என்றும் எழுதினார்.

பிரான்சில் இதன் ஆயுள் இன்னும் நீண்டது. பாரிஸ் நகரின் பிரபல விதை நிறுவனமான வில்மோரின்-ஆந்த்ரியே 1883-ல் வெளியிட்ட காய்கறிகள் பற்றிய பெரும் தொகுப்பு நூலில் ரெபோன்ஸ் இடம்பெற்றிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் விதை வியாபாரிகள் பொருட்படுத்தும் அளவுக்கு அது தோட்டங்களில் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கதைக்குள் நுழைந்த விதம்

ரபுன்சல் கதை ஆரம்பத்தில் ரபுன்சல் கதையாகவே இருக்கவில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜாம்பத்திஸ்தா பசீலே எழுதி, அவர் இறந்த பிறகு 1634-க்கும் 1636-க்கும் இடையில் வெளியான கதைத் தொகுப்பில் 'பெத்ரோசினெல்லா' என்ற கதை உண்டு. கர்ப்பிணி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்தில் உள்ள பார்ஸ்லி இலையைப் பார்த்து மசக்கையில் ஆசைப்படுகிறாள். அது ஒரு ராட்சசியின் தோட்டம். திருடித் தின்று பிடிபடுகிறாள். விலையாகப் பிறக்கப்போகும் குழந்தையையே தருவதாக வாக்குக் கொடுக்க நேர்கிறது. பார்ஸ்லி என்பது கொத்தமல்லி மாதிரி இருக்கும் ஒரு வாசனைக் கீரை. குழந்தையின் பெயரும் அந்தக் கீரையின் பெயரிலிருந்தே வருகிறது.

அடுத்து பிரான்ஸ். ஷார்லோத் ரோஸ் த லா ஃபோர்ஸ் என்ற பெண் எழுத்தாளர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே கதையை 'பெர்சினெத்' என்ற பெயரில் எழுதினார். இதிலும் பார்ஸ்லிதான். ஆனால் ஒரு சிக்கல். பிரெஞ்சு வாசகர்களுக்குப் பார்ஸ்லி சாதாரணக் கீரை. அதற்காக யாராவது குழந்தையைக் கொடுப்பார்களா? அதனால் அவர் ஒரு வழி செய்தார். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் பார்ஸ்லி அரிதாக இருந்தது, தேவதை அதைத் தொலைதூர இந்தியாவிலிருந்து வரவழைத்திருந்தாள் என்று எழுதிவிட்டார். அன்றைய ஐரோப்பியர் 'இந்தியா' என்ற சொல்லைக் கடலுக்கு அப்பால் இருந்த பல தேசங்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தினார்கள்.

மூன்றாவது கட்டம் ஜெர்மனி. 1790-ல் ஃப்ரீட்ரிஷ் ஷுல்ஸ் என்பவர் பிரெஞ்சுக் கதையைத் தம் மொழியில் திருப்பி எழுதினார். கோபுரமும் கூந்தலும் அப்படியே இருந்தன. பார்ஸ்லி மட்டும் மாறியது. அதன் இடத்தில் ரபுன்சல் வந்தது. குழந்தையின் பெயரும் அதற்கேற்ப மாறியது. ஒரு எழுத்தாளர் ஒரு கீரையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார், அவ்வளவுதான். ஆனால் இன்று உலகம் முழுவதும் அந்தப் பெண் அழைக்கப்படுவது அந்த மாற்றத்தால் வந்த பெயரில்தான்.

1812-ல் கிரிம் சகோதரர்கள் தங்களுடைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில் 12-வது கதையாக ரபுன்சலைச் சேர்த்தார்கள். ஷுல்ஸின் கதையை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது மக்களிடையே வாய்மொழியாக வழங்கிய கதை என்றே நம்பினார்கள். உண்மையில் அது இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் அச்சுப் புத்தகங்கள் வழியாகப் பயணம் செய்து வந்த கதை. பெயரில் மட்டும் ஜெர்மன் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது.

கிரிம் கதையில் அந்தக் கீரை வெறும் அலங்காரம் அல்ல. கதையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. பல ஆண்டுகள் குழந்தைக்காக ஏங்கிய மனைவி, பின்பக்க ஜன்னல் வழியே மந்திரக்காரியின் தோட்டத்தைப் பார்க்கிறாள். பாத்தியில் தளதளவென்று நிற்கும் ரபுன்சல் கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்கிறாள். கணவன் சுவர் ஏறிக் குதித்து ஒரு பிடி பறித்து வருகிறான். அவள் சாலட் செய்து தின்கிறாள். ஆசை அடங்கவில்லை, மறுநாள் மும்மடங்காகிறது. இரண்டாவது முறை போனபோது அவன் பிடிபடுகிறான். குழந்தை பிறந்ததும் மந்திரக்காரி வந்து, எந்தக் கீரைக்கு விலையாகக் குழந்தை தரப்பட்டதோ அந்தக் கீரையின் பெயரையே வைத்து எடுத்துச் செல்கிறாள்.

மசக்கையில் ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. ஐரோப்பாவிலும் அது ஆழமாக இருந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில், உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த பருப்பும் தின்று அலுத்த நாட்களில், பச்சையாகத் தெரியும் எந்த இலையும் கண்ணைப் பறிக்கும். அந்த ஏக்கம் கதை கேட்ட கிராமத்துப் பெண்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். இன்றைய வாசகருக்கு அது புரிவதில்லை. ஒரு கீரைக்காகவா இவ்வளவு என்று தோன்றுகிறது.

இத்தாலியில் இந்தச் செடியைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தாவரங்கள் பற்றிய புராணங்களைத் தொகுத்த சமஸ்கிருத அறிஞர் ஆஞ்செலோ தெ குபெர்னாத்திஸ், கலாப்ரியா பகுதிக் கதை ஒன்றைக் குறிப்பிடுகிறார். வயலில் தனியாக இருந்த ஒரு சிறுமி ராம்பியன் செடியைப் பிடுங்குகிறாள். வேர் இருந்த குழியில் கீழே இறங்கும் படிக்கட்டு தெரிகிறது. அது பூமிக்கடியில் உள்ள தேவதைகளின் மாளிகைக்குப் போகிறது. கிழங்கைத் தோண்டித் தின்று பழகிய மக்களிடம்தான் இப்படிப்பட்ட கதை பிறக்கும்.

ஒரே பெயரில் மூன்று செடிகள்

கதையில் வரும் ரபுன்சல் உண்மையில் எந்தச் செடி என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ரபுன்சல் என்ற பெயர் ஒரே செடிக்கு உரியதாக இருக்கவில்லை.

முதலாவது, இதுவரை பார்த்த மணிப்பூ. இரண்டாவது, வலேரியனெல்லா லோகுஸ்டா என்ற சிறிய கீரை. இது கோதுமை வயல்களில் களையாக வளர்ந்து, பின்பு தோட்டத்துக்கு வந்தது. ஜெர்மனியில் வயல் சாலட் என்ற பொருளில் ஃபெல்ட்சாலட் என்பார்கள். குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும். இதற்கும் சில ஜெர்மன் வட்டாரங்களில் ரபுன்சல் என்றே பெயர். மணிப்பூக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது, இதில் தின்னத்தக்க கிழங்கும் கிடையாது. மூன்றாவது, அந்திப் பூ வகையைச் சேர்ந்த ஓனோதெரா பியன்னிஸ். இது 17-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த செடி. இதன் வேரையும் ஜெர்மானியர்கள் வேகவைத்துத் தின்றார்கள். வெந்ததும் லேசாகச் சிவக்கும் என்பதால் பன்றித்தொடைக் கறியின் பெயரை வைத்து 'ஹாம் வேர்' என்ற பொருளில் அழைத்தார்கள். அதற்கே ரபோன்டிகா என்ற பெயரும் உண்டு.

இப்படி நேர்ந்ததற்குக் காரணம் எளிது. லின்னேயஸ் பூவின் உறுப்புகளைப் பார்த்துப் பெயர் வைத்தார். சமையல்காரர் தட்டில் என்ன வருகிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார். குளிர்காலத்தில் சாலட்டுக்கு உதவும் வட்டமான இலைக்கொத்தும், தின்னக்கூடிய வேரும் எதற்கெல்லாம் இருந்ததோ அதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.

கதையில் வருவது இலையா கிழங்கா என்று கேட்டால், மனைவி சாலட் செய்தாள் என்பது மட்டும்தான் தெரிகிறது. மணிப்பூவாகவும் இருக்கலாம், வயல் சாலட்டாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் பலர் ராம்பியன் என்று எழுதினார்கள். பிற்காலத்தில் அந்தச் சொல்லும் வாசகர்களுக்குப் புரியாமல் போக, லெட்யூஸ், முள்ளங்கி என்றெல்லாம் மாற்றினார்கள். 2010-ல் டிஸ்னி நிறுவனம் எடுத்த 'டேங்கில்ட்' திரைப்படத்தில் காய்கறியே இல்லை. கர்ப்பிணியான ராணியைக் காப்பாற்றுவது ஒரு மந்திரத் தங்கப் பூ. ரபுன்சல் என்ற பெயர் மட்டும் காரணம் தெரியாமல் நிற்கிறது.

ஏன் மறைந்தது?

சுவை மோசமாக இருந்ததால் ராம்பியன் மறைந்தது என்று சொல்ல முடியாது. நூறு ஆண்டு இடைவெளியில் எழுதிய இருவரும் அதைச் சாப்பிடத் தகுந்ததாகவே சொல்கிறார்கள். காரணம் அதை வளர்க்கும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் விதை. இது கசகசாவை விடவும் பல மடங்கு பொடியானது. தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமிலேயே பல்லாயிரம் விதைகள். கையால் தூவினால் ஒரே இடத்தில் குவியும். அதனால் மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது, லேசாக அழுத்திவிட்டால் போதும். மேல்மண் காயாமல் அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். மழை வேகமாகப் பெய்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

அடுத்து காலம். சீக்கிரமாக விதைத்தால் சில செடிகள் அந்த ஆண்டே பூத்து வேரைக் கெடுத்துவிடும். ஆகவே மே கடைசி அல்லது ஜூனில் விதைப்பார்கள். நாற்று முளைத்தாலும் முதல் சில வாரங்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். அதற்குள் களை ஏறிவிடும். குனிந்து ஒவ்வொன்றாகக் களை எடுக்க வேண்டும், நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். நவம்பர் வாக்கில்தான் கிழங்கு கிடைக்கும். இத்தனைக்கும் பிறகு கையில் வருவது விரல் தடிமன் வேர்.

முள்ளங்கி ஒரு மாதத்தில் தயாராகிவிடும். கேரட் அதைவிடப் பருமனாக வளரும், மாதக்கணக்கில் சேமிக்கலாம். உருளைக்கிழங்கு வயிற்றை நிரப்பும். வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்ய ஆட்கள் இருந்தவரை, கூலியைக் கணக்குப் பார்க்காதவரை, ராம்பியனுக்கும் ஒரு பாத்தி கிடைத்தது. காய்கறி சந்தைக்கான சரக்காக மாறியபோது அந்தப் பாத்தியை வேறு பயிர் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை கிலோ என்ற கேள்விக்கு ராம்பியனிடம் பதில் இல்லை.

ஒரு பயிர் கைவிடப்பட்டால் அதை வளர்க்கும் கைப்பழக்கமும் கூடவே போகிறது. மணலோடு கலப்பது, மூடாமல் விடுவது, மே கடைசி வரை பொறுப்பது ஆகிய சின்னச் சின்ன விஷயங்கள் ஒரு தலைமுறை செய்யாமல் விட்டாலே மறந்துபோகும். வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ போன்ற சில பகுதிகளில் மட்டும் குளிர்கால இறுதியில் இதைச் சேகரித்து எண்ணெயும் வினிகரும் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் தொடர்கிறது.

காட்டு உறவினர்கள்

கம்பானுலா இனத்தில் நானூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ராம்பியனுக்குப் பெயரளவில் மிக நெருங்கியது கம்பானுலா ரபுன்குலாய்டஸ். 'ரபுன்குலஸ் போன்றது' என்பது அதன் பொருள். இந்தப் பெயரையும் 1753-ல் லின்னேயஸ்தான் கொடுத்தார். இதன் வேரும் தின்னத்தக்கதே. ஆனால் குணம் வேறு. ராம்பியன் இரண்டு ஆண்டில் மடிந்துவிடும். இதுவோ நிலத்தடித் தண்டுகளை நாலாபக்கமும் ஓட விட்டு ஆண்டுக்கணக்கில் வாழும். ஆழத்தில் தடித்த வேர் ஒன்றையும் வைத்திருக்கும். மேலே பிடுங்கினால் கீழே மிஞ்சிய துண்டிலிருந்து மறுபடி முளைக்கும். அழகுக்காக வட அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். இன்று கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் புல்தரைகளை ஆக்கிரமிக்கும் பிடிவாதமான களை இது. புல்தரைக்கு வழக்கமாகத் தெளிக்கும் 2,4-டி என்ற களைக்கொல்லிக்கும் எளிதில் அசைவதில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மனிதன் விரும்பி விதைத்த செடி அருகிப்போனது. அதன் சாயலில் இருந்த செடி, வேண்டாம் என்று தோண்டி எறிந்தும் பெருகுகிறது. இங்கிலாந்தில் ராம்பியன் இயற்கையாக இருந்த செடி அல்ல என்றும், தோட்டங்களிலிருந்து வெளியே பரவியது என்றும் கருதப்படுகிறது. பயிரிடுவது நின்றதும் வெளியே பரவியவையும் குறைந்து, இன்று அங்கே அது அரிய செடி.

இரண்டையும் பிரித்தறிய விதைக்காயைப் பார்த்தால் போதும். ராம்பியனின் காய் நிமிர்ந்து நிற்கும், அதன் துளைகள் மேல்நுனிக்கு அருகில் இருக்கும். ரபுன்குலாய்டஸின் காய் தலைகீழாகத் தொங்கும், துளைகள் காம்போடு சேரும் அடிப்பக்கத்தில் இருக்கும். காய் எப்படி இருந்தாலும் துளை மேல்பக்கமாகவே அமைகிறது. உப்புச் சாடியைப் போல, காற்று ஆட்டினால்தான் விதை வெளியே சிதறும்.

கம்பானுலா டிரக்கேலியம் இன்னொரு உறவு. 'டிரக்கேலியம்' என்பது கழுத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பூ தொண்டை போல இருப்பதால் தொண்டை நோய்க்கு மருந்து என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். ராம்பியனையும் தொண்டை அழற்சிக்குச் சொன்னார்கள்.

ஃபைட்டூமா என்னும் மற்றோர் இனத்துக்கும் ஆங்கிலத்தில் ராம்பியன் என்றே பெயர். இவற்றின் பூக்கள் மணி போல இருக்காது. மெல்லிய வளைந்த நகங்களைக் கொத்தாகச் சேர்த்தது போல இருக்கும். அதனால் ஜெர்மானியர்கள் இவற்றை 'பிசாசின் நகம்' என்கிறார்கள். கதிர் போல நீளும் ஃபைட்டூமா ஸ்பிகாட்டமின் வேரும் இலையும் முன்பு உண்ணப்பட்டவை. பிரிட்டனில் இது கிழக்கு சசெக்ஸ் பகுதியில் மட்டுமே காணப்படுகிறது. உருண்டைத் தலை கொண்ட ஃபைட்டூமா ஆர்பிகுலாரே, சுண்ணாம்புக் குன்றுகளின் புல்வெளியில் பூக்கும். அதற்கு 'சசெக்ஸின் பெருமை' என்ற செல்லப் பெயர் உண்டு. 2002-ல் நடந்த வாக்கெடுப்பில் சசெக்ஸின் மலராக அதையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

கிழங்கின் பெயர் ஒரு தேனீக்கும் போயிருக்கிறது. கெலோஸ்டோமா ரபுன்குலி என்ற மெலிந்த கறுப்புத் தேனீ தன் குஞ்சுகளுக்கு மணிப்பூக்களின் மகரந்தத்தை மட்டுமே சேகரிக்கும். கூட்டமாக வாழாது, தனித்தே கூடு கட்டும். ஆண் தேனீக்கள் இரவிலும் மழையிலும் பூவுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். இந்தத் தேனீ இப்போது வட அமெரிக்காவிலும் காணப்படுகிறது. புல்வெளிகளை உழுது மாற்றும்போது பூவோடு சேர்ந்து இப்படிப்பட்ட உயிர்களும் வழியற்றுப் போகின்றன.

இந்தக் குடும்பம் நம் மலைகளுக்கும் அந்நியமல்ல. நீலகிரியில் கம்பானுலா அல்போன்சி என்ற மணிப்பூ உண்டு. 1830-ல் மணிப்பூக்களைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதிய அல்போன்ஸ் த கந்தோலின் நினைவாக வந்த பெயர் அது.

கொரியாவில் நடந்தது வேறு

சிரமமான செடி என்பதால் அழிந்தே தீரும் என்று முடிவு செய்துவிட முடியாது. அதற்கு எதிர்ச்சாட்சி கொரியாவில் இருக்கிறது.

அங்கே டோராஜி என்று ஒரு கிழங்கு உண்டு. தாவரவியல் பெயர் பிளாட்டிகோடான் கிராண்டிஃபுளோரஸ். இதுவும் மணிப்பூக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மொட்டு பலூன் போல உப்பிப் பிறகு ஐந்து இதழ் நட்சத்திரமாக விரியும். அதன் வேரும் வெள்ளை, அதையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ராம்பியனுக்கு இல்லாத ஒரு குறையும் அதற்கு உண்டு. அது கசக்கும். தோலை உரித்து, நார் நாராகக் கிழித்து, உப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து, தண்ணீரில் ஊற வைத்த பிறகே சமைக்க முடியும். பின்பு பூண்டும் எள் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டுவார்கள். முன்னோர் வழிபாட்டுப் படையலில் வைக்கும் மூன்று நிறக் கறிகளில் வெள்ளை நிறத்துக்கு உரியது டோராஜி. அதைத் தோண்டப் போவதைப் பற்றிய நாட்டுப்பாடல் கொரியர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இருமலுக்கும் தொண்டைக்கும் இதையே மருந்தாகவும் கொள்கிறார்கள். ஐரோப்பியர் தொண்டைக்குச் சொன்ன செடியின் உறவினரே கிழக்காசியாவிலும் தொண்டைக்குச் சொல்லப்படுவது வியப்பான ஒற்றுமை.

அதே குடும்பத்து டியோடோக் என்ற இன்னொரு வேரைக் கொரியர்கள் தட்டித் தட்டையாக்கி, மிளகாய் விழுது தடவிச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். வேலை குறைவான காய்கறிகள் அவர்களுக்கும் கிடைக்காமல் இல்லை. இருந்தும் டோராஜி நிலைத்தது. ஏனென்றால் அது படையலில் இருக்கிறது, பண்டிகையில் இருக்கிறது, மருந்தில் இருக்கிறது. அது இல்லாமல் இலை நிறையாது. ராம்பியனுக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு கட்டாய இடம் இருக்கவில்லை. அது பல சாலட்டுகளில் ஒரு சாலட். எடுத்துவிட்டாலும் யாருக்கும் குறை தெரியவில்லை.

ஒரு உணவைக் காப்பது சுவை மட்டுமல்ல, சத்து மட்டுமல்ல என்பதையே இந்த இரண்டு கிழங்குகளும் சொல்கின்றன. எந்த நாளில், யாருக்காக, எதற்காகச் சமைக்கிறோம் என்ற காரணம் கூட இருந்தால், குனிந்து களை எடுக்கவும் உப்புப் போட்டுப் பிசையவும் ஆள் இருப்பார்கள். அந்தக் காரணம் போய்விட்டால் எவ்வளவு பழைய உணவும் ஒன்றிரண்டு தலைமுறையில் புத்தகத்துக்குள் போய்விடும்.

ராம்பியன் விதையை ஐரோப்பாவில் சில விதை விற்பனையாளர்கள் இன்றும் விற்கிறார்கள். பழைய காய்கறிகளில் ஆர்வமுள்ளவர்கள் வாங்கி மணலோடு கலந்து தூவுகிறார்கள். ரபுன்சல் கதை அச்சில் இருக்கும்வரை, அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எங்கோ ஒரு குழந்தை கேட்கத்தான் போகிறது. அப்போது காட்டுவதற்குப் படம் மட்டும் இல்லாமல், தோட்டத்தில் ஒரு செடியும் இருப்பது நல்லது.